டியூபா, பிளேட்டா, கீசரே போதுமா?

கோவை வடவள்ளிப் பக்கம் அக்கா வீடு கட்டுகிறாள். மேல்தளக் கான்கிரீட் முடிந்து, படிக்கட்டு ரூமும் எழும்பிவிட்டது. சோலார் ஹீட்டர் எது என்று முடிவானால்தான் சுவரில் பைப்புக்குக் காடி வெட்ட முடியும் என்று பிளம்பர் நெருக்குகிறார். போன வாரம் மூன்று கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஒன்று 200 லிட்டர் டியூப் மாடல். இன்னொன்று 200 லிட்டர் பிளேட் மாடல், விலை முதலாவதைப்போல ஒன்றேமுக்கால் மடங்கு. மூன்றாமவர் வேறு ரகம்: “சுடுதண்ணி பேனலெல்லாம் பழைய கதைங்க, கரன்ட் பேனல் போட்டு கீசரை ஓட்டுங்க” என்று 3 கிலோவாட்டுக்கு விலை போட்டிருந்தார். கீழே அக்காவின் ஒரே வரி: “எது நல்லது, சொல்லு.”

“எந்தத் தண்ணியை விடப்போறே? சிறுவாணியா, போர்வெல்லா?” என்று திருப்பிக் கேட்டேன்.

அவளுக்குக் கோபம். “ஹீட்டரைக் கேட்டா தண்ணியைக் கேக்கறே!”

தண்ணீரைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது காசு கொடுத்து. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் வாங்கியது பிளேட் மாடல். உள்ளே எல்லாம் செம்பு, இருபது வருஷம் அசையாது என்றார்கள். விற்றவர் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் மாடித் தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர். இரண்டு வருஷம் கை வைக்க முடியாத சூட்டில் வந்தது. மூன்றாம் வருஷ மார்கழியில், நல்ல வெயில் அடித்த நாளின் மறுநாள் காலையிலும் வெதுவெதுப்புத்தான். பிளம்பர் வந்து பேனலின் மேல்மூலையில் பைப் இணைப்பைக் கழற்றி, உள்ளே ஒரு கம்பியை விட்டார். நாலு விரற்கடை போய் முட்டி நின்றது. ஸ்பானரால் மெல்லத் தட்டினார். உடைந்த முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் செதில்கள் பொலபொலவென்று கொட்டின. “ஏனுங்கண்ணா, இதென்ன பேனலா, சுண்ணாம்புக் காளவாயா?” என்றார். அரை அங்குலக் குழாயில் மிச்சமிருந்த துளை ஒரு பென்சில் முனை அளவு. ஆசிட் விட்டுக் கழுவினோம், ஒரு வருஷம் ஓடியது. மறுபடி அடைத்தது, மறுபடி கழுவினோம். இந்த முறை இணைப்புகள் ஒழுக ஆரம்பித்தன. கடைசியில் பழைய சாமான் கடையில் செம்பு நல்ல விலைக்குப் போனது. அந்தப் பேனலில் எனக்குக் கிடைத்த லாபம் அதுதான்.

சுடும் விதம்

இரண்டு மாடலிலும் பம்ப் கிடையாது, மின்சாரம் வேண்டாம். சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும். இந்த ஒன்றை நம்பித்தான் முழு அமைப்பும் நிற்கிறது. அதனால்தான் சுடுதண்ணீர்த் தொட்டி எப்போதும் பேனலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது.

பிளேட் மாடல் என்பது கண்ணாடி மூடிய ஒரு தட்டைப் பெட்டி. உள்ளே கறுப்புப் பூச்சு பூசிய செம்புத் தகடு, தகட்டோடு ஒட்டி மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய செம்புக் குழாய்கள், அடியில் சூடு இறங்காமல் இருக்கக் காப்புப் பஞ்சு. தொட்டியின் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பெட்டியின் கீழ்க்குழாய்க்கு வந்து, மெல்லிய குழாய்களில் சூடாகி ஏறி, தொட்டியின் மேல்பாதிக்குப் போய்ச் சேரும். வெயில் இருக்கும்வரை இந்தச் சுற்று நிற்காது.

டியூப் மாடலில் சுற்று இன்னும் எளிது. ஒவ்வொரு குழாயும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய், நடுவே காற்று உறிஞ்சி எடுத்த வெற்றிடம். பிளாஸ்கில் காப்பி ஆறாமல் இருப்பது எதனாலோ அதேதான் இங்கும். உள்குழாயின் வெளிப்புறத்தில் கறுப்புப் பூச்சு. அடிமுனை மூடியிருக்கும், மேல்முனை தொட்டிக்குள் செருகியிருக்கும். ஒரே குழாய்க்குள் மேல்பக்கத்தை ஒட்டிச் சூடான தண்ணீர் ஏற, கீழ்ப்பக்கத்தை ஒட்டிக் குளிர்ந்தது இறங்கும். சாதாரணமாக வருவது 58 மி.மீ. வெளிவிட்டமும் 1.8 மீட்டர் நீளமும் கொண்ட குழாய். 100 லிட்டருக்குப் பத்துக் குழாய் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

இதில் எதுவும் புதிதல்ல. 1891இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் கறுப்புத் தொட்டிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்புரிமை வாங்கினார். பகலில் சுட்டது, இரவில் ஆறிப்போனது. 1909இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி, சூடாக்கும் பேனலையும் சேமிக்கும் தொட்டியையும் பிரித்து, தொட்டிக்குத் தனியாகக் காப்பு கொடுத்தார். பகலும் இரவும் என்று பொருள்படும்படியே அதற்குப் பெயரும் வைத்தார். இன்றைக்கு அக்காவுக்கு வந்த பிளேட் கொட்டேஷன் அடிப்படையில் பெய்லியின் ஹீட்டர்தான்.

முதலில் எத்தனை லிட்டர்?

மாடலைப் பேசுமுன் அளவைப் பேச வேண்டும், ஏனென்றால் காசு அதிகம் வீணாவது இங்கேதான். மூன்று கொட்டேஷனிலும் ஒருவரும் அக்காவிடம் “வாளியா, ஷவரா?” என்று கேட்கவில்லை.

ஹீட்டர் தண்ணீர் 60 டிகிரி, தொட்டித் தண்ணீர் 26 டிகிரி, குளிக்க நமக்கு வேண்டியது 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் வாளி ஒன்றில் சுடுதண்ணீர் 8 லிட்டர் சொச்சம்தான் விழும், மிச்சம் பச்சைத் தண்ணீர். நாலு பேர் ஆளுக்கு ஒரு வாளி குளித்தால் மொத்தம் 33 லிட்டர். ஷவர் என்றால் கதை வேறு. நிமிஷத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் 8 நிமிஷம் நின்றால் 64 லிட்டர், அதில் சுடுதண்ணீர் 26 லிட்டர். நாலு பேருக்கு 105. ஒரே ஊர், ஒரே குடும்ப அளவு, வித்தியாசமோ மூன்று மடங்கு.

இதையே பணமாகப் பார்க்கலாம். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரத்தின் வெப்பம் வேண்டும். வருஷம் முழுக்கப் பெருக்கினால் 1,500 யூனிட்டை ஒட்டி வரும். 100 லிட்டர் சோலார் ஹீட்டர் வருஷத்துக்கு 1,500 யூனிட் மிச்சப்படுத்தும் என்று மத்திய அரசின் விளம்பரங்களிலும் விற்பவர்களின் நோட்டீஸ்களிலும் காலங்காலமாக வருகிறதே, அந்த எண் இதுதான். கணக்கு தப்பில்லை. ஆனால் 100 லிட்டரையும் 365 நாளும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் தீர்க்கும் வீட்டுக்குத்தான் அது பொருந்தும். வாளிக் குளியல் வீட்டுக்கு ஒரு நாளைக்கு உண்மையில் ஒன்றேகால், ஒன்றரை யூனிட்தான் கீசர் செலவு. சித்திரை, வைகாசியில் கோவையிலேயே யாரும் சுடுதண்ணீர் தேடுவதில்லை. அந்த இரண்டு மாதத்தைக் கழித்தால் வருஷத்துக்கு 450 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றாலும் 2,700 ரூபாய். இருபத்தைந்தாயிரம் ரூபாய் ஹீட்டர் போட்ட காசை எடுக்க ஒன்பது வருஷம். ஷவர் வீட்டுக்கு மூன்று, நாலு வருஷத்தில் வந்துவிடும்.

இங்கே ஒரு திருத்தம். தமிழ்நாட்டில் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ளதற்கும் கணக்கு மாறிவிடும். 520, 540 என்று அந்த வரம்பில் தத்தளிக்கும் வீட்டுக்கு, கீசரின் எண்பது யூனிட்டைக் கழித்துவிட்டால் மிச்சம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கும். பழைய பில் ஆறேழு எடுத்து வைத்துப் பார்த்தால் நம் வீடு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

பிளேட்டும் டியூபும்

அக்காவின் கேள்விக்கு இனி வரலாம். கோவையில் பெரும்பாலான வீடுகளில் இரண்டு தண்ணீர். நல்ல தண்ணீர் சிறுவாணி அணையிலிருந்தோ பில்லூர் அணையிலிருந்தோ, சில நாளுக்கு ஒரு முறை வந்து கீழ்த்தொட்டியில் விழும். உப்புத் தண்ணீர் போரிலிருந்து. குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் உப்புத் தண்ணீர்தான். உப்பு என்று நாம் சொன்னாலும் ஹீட்டரை அடைப்பது கரிக்கும் உப்பு அல்ல, சுண்ணாம்புச் சத்து. அது தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சூடேறினால் பிரிந்து சுவரில் படியும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பதும் அதுதான். 60 டிகிரிக்கு மேல் இந்தப் படிவு வேகம் பிடிக்கும். ஆக, நன்றாக வேலை செய்யும் ஹீட்டர்தான் சீக்கிரம் அடைக்கும்.

பிளேட் மாடலில் தண்ணீர் போகும் வழி அரை அங்குலம். ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே ஓட்டம் குறைகிறது, ஓட்டம் குறைந்தால் தண்ணீர் அங்கேயே நின்று இன்னும் சூடாகிறது, இன்னும் படிகிறது. டியூபில் வழி 40 மி.மீ.க்கு மேல். படிவு அங்கும் உண்டு. ஆனால் பெரும்பகுதி செதிலாக உதிர்ந்து குழாயின் அடியில் மண்டிபோல உட்காரும். வருஷத்துக்கு ஒரு முறை, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை குழாயைக் கழற்றிக் கொட்டிக் கழுவி மாட்டலாம். தண்ணீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் பிளேட் மாடலைத் தைரியமாகப் போடலாம் என்பது என் கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமும் ஏற்கத்தக்க அளவாக அதே 200ஐத்தான் சொல்கிறது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால் எண்ணாகவே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரர் பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் முக்கிக் காட்டுவார், அது காட்டுவது டி.டி.எஸ். கரைந்த எல்லாவற்றின் கூட்டு அது, சுண்ணாம்பு மட்டும் எவ்வளவு என்று அது சொல்லாது.

போர் தண்ணீர்தான், ஆனாலும் பிளேட்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. பேனலுக்குள் சுற்றும் தண்ணீரும் நாம் குளிக்கும் தண்ணீரும் கலக்காத, ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த மாடல். பேனலுக்குள் ஒரே நல்ல தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் செம்புக் குழாய் அடைக்காது. காசு கூடும், சூடு கொஞ்சம் குறையும். தண்ணீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுக்கும் சாஃப்ட்னர் வைப்பது இன்னொரு வழி. அதற்கு உப்பு மூட்டை வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நம்மில் பாதிப் பேர் ஆறாம் மாதம் மறந்துவிடுவோம்.

இதையெல்லாம் கேட்டால் டியூப்தான் எல்லாவற்றிலும் மேல் என்று தோன்றும். அப்படியும் இல்லை. கண்ணாடிக் குழாய் மாட்டிய சாதாரண டியூப் மாடல் பிரஷரைத் தாங்காது. குழாய்களைத் தொட்டியோடு பிடித்து வைத்திருப்பது வெறும் சிலிக்கான் ரப்பர் வளையம். மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு அது போதும். வீட்டில் பிரஷர் பம்ப் வைத்து மழைபோல் ஷவர் வேண்டும் என்பவர்கள் அந்தப் பம்பின் லைனை இந்தத் தொட்டிக்குக் கொடுக்கவே கூடாது. பிரஷர் தொட்டி வைத்த பிளேட் மாடலுக்கோ, உள்ளே செம்புக் கம்பி போன்ற ஹீட் பைப் வைத்த டியூபுக்கோதான் போக வேண்டும். கண்ணாடி உடையும் என்பது அடுத்தது. தென்னை மட்டை, குரங்கு, பக்கத்து கிரவுண்டிலிருந்து பறந்து வரும் பந்து. ஒரு குழாய் உடைந்தால் அந்த ஓட்டை வழியாகத் தொட்டித் தண்ணீர் முழுக்க ஓடிவிடும். ஆனால் சில நூறு ரூபாயில் அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடலாம். பிளேட்டின் மேல் கண்ணாடி கெட்டிப்படுத்தியது, லேசில் உடையாது.

சூட்டில் யார் கெட்டி? நோட்டீஸ்களில் டியூப் எப்போதும் ஜெயிக்கும். வெற்றிடம் இருப்பதால் வாங்கிய சூட்டை அது வெளியே விடாது என்பது உண்மை. வெளியே குளிர் கூடக் கூட அதன் பலம் கூடும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் பிளேட்டின் செம்புக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கலாம். அங்கே டியூப், இல்லையென்றால் உறையாத திரவம் சுற்றும் பிளேட். இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மதுரை, திருச்சி, சென்னை வெயிலில் பிளேட் இழக்கும் சூடே குறைவு. மேலே விழும் வெளிச்சத்தை டியூபைவிடக் கூடுதலாக உள்ளே வாங்குவதும் பிளேட்தான். சமவெளியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. கோடையில் டியூபின் பிரச்சினை நேர்மாறானது, சூடு அதிகமாகிவிடும். இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்து குழாயைத் திறந்தால் ஆவியோடு வரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. பிளேட்டை விற்றபின் டியூப் போட்ட எங்கள் வீட்டில் பங்குனி பிறந்தால் பாதிக் குழாய்களுக்குச் சாக்கு போர்த்திவிடுவேன். எடுப்பது ஐப்பசியில்.

தொட்டி விஷயத்தை யாரும் பேசுவதில்லை. உள்தொட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் துருவே பிடிக்காது என்று நினைக்கிறோம். குளோரைடு கூடிய போர் தண்ணீர், அதுவும் சூடாக, வெல்டிங் ஓரங்களில் ஊசித்துளை போட்டுவிடும். கடலோரத்திலும் கரிக்கும் போர் உள்ள இடங்களிலும் உள்ளே கண்ணாடிப் பூச்சு பூசிய இரும்புத் தொட்டி நல்லது. அதற்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று தொங்கும். தொட்டிக்குப் பதிலாக அது கரையும். கரைந்து தீருமுன் மாற்ற வேண்டும். வாங்கும்போது அந்தக் கம்பியை யார் வந்து மாற்றுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்கலாம்.

மூன்றாமவர் சொன்னது

கரன்ட் பேனல் சொன்னவரைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. வெயிலை நேராகச் சூடாக மாற்றுவதில் ஹீட்டர்தான் கெட்டிக்காரன். 2 சதுர மீட்டர் பிளேட் செய்யும் வேலைக்கு மின்சாரப் பேனல் 5 சதுர மீட்டராவது வேண்டும். ஆனால் ஹீட்டருக்கு ஒரே வேலைதான். தொட்டி நிறையச் சுட்ட பிறகு விழும் வெயில் வீண், சித்திரை முழுக்க வீண். மின்சாரப் பேனல் அதே சித்திரையில் ஏசிக்கு உழைக்கும், மிஞ்சியது கம்பி வழியாக வெளியே போய் பில்லில் கழியும். மானியமும் இப்போது அந்தப் பக்கம்தான். ஹீட்டருக்கு மத்திய அரசு கொடுத்துவந்த 30 சதவீத மானியம் 2014இல் நின்றது. 2024இல் வந்த பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தில் மின்சாரப் பேனலுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். மாடியில் இடமும் கையில் காசும் இருந்து, ஏசி, மோட்டார் என்று பில் எகிறும் வீடு என்றால் நானே மின்சாரப் பேனலைத்தான் சொல்வேன். சுடுதண்ணீருக்கு ஒரு 15 லிட்டர் கீசர் போதும். அதில் அடைக்கும் குழாயும் இல்லை, மாடியில் தொட்டியும் இல்லை. அக்கா வீட்டில் ஏசி ஒன்றே ஒன்று, அதுவும் மாமா சத்தம் போட்டால் அணைந்துவிடும். இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் தாண்டாத வீட்டுக்கு 3 கிலோவாட் எதற்கு?

ஹீட் பம்ப் என்று ஒன்று வந்திருக்கிறது. ஏசியைத் திருப்பி வைத்த மாதிரி. காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும், 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட்போலச் சூடு. மழையிலும் ஓடும். ஹாஸ்டல், ஹோட்டலுக்கு அருமை, வாளிக் குளியல் வீட்டுக்கு அந்த விலை திரும்பி வராது. கேஸ் கீசரை நான் யாருக்கும் சொல்வதில்லை. காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் அதை மாட்டி, கார்பன் மோனாக்சைடில் மயங்கி விழுந்து உயிர் போன செய்திகள் வருஷா வருஷம் வருகின்றன.

மேகம் மூடிய நாளுக்கு என்ன செய்வது? நமக்குச் சுடுதண்ணீர் அவசியமாகும் ஐப்பசி, கார்த்திகையில்தான் சூரியன் விடுப்பில் போகிறது. இதற்கு விற்பவர் சொல்லும் பதில், சோலார் தொட்டிக்குள்ளேயே 2 கிலோவாட் கம்பிச் சுருள். நான் வேண்டாம் என்பேன். ஒரு வாளிக்காக சுவிட்சைப் போட்டால் அது தொட்டி முழுவதையும் சுட வைக்கும், 150 லிட்டருக்கு ஐந்தாறு யூனிட் போய்விடும். இரவில் அணைக்க மறந்தால் மறுநாள் வெயில் வந்தும் அதற்கு வேலை இருக்காது. பதிலாக, சோலார் லைனைக் குளியலறையில் ஒரு சின்ன கீசர் வழியாகக் கொண்டுவாருங்கள். வருகிற தண்ணீர் சூடாக இருந்தால் கீசரின் தெர்மோஸ்டாட் தானாகச் சும்மா இருக்கும். வெதுவெதுப்பாக வந்தால் அந்த 15 லிட்டரை மட்டும் மேலே ஏற்றிவிடும்.

பைப்பும் உயரமும்

நல்ல ஹீட்டரைக் கெடுப்பது பெரும்பாலும் பிளம்பிங்தான். குளிர்தண்ணீர்த் தொட்டியின் அடி, சோலார் தொட்டியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிரம்பாது. பிளேட் மாடலில் சோலார் தொட்டியே உயரத்தில் உட்காருவதால் இந்தச் சிக்கல் அதிகம், படிக்கட்டு ரூமின் தலையில் தொட்டி இருக்கும் வீட்டுக்குக் கவலையில்லை. பேனல் தெற்கு பார்க்க வேண்டும், குளிர்காலத்துச் சாய்ந்த வெயிலைப் பிடிக்க நம் ஊரில் இருபது, இருபத்தைந்து டிகிரிச் சரிவு போதும்.

அப்புறம் பைப் நீளம். முக்கால் அங்குலப் பைப்பில் 15 மீட்டருக்கு ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீர் நிற்கும். காலையில் திறந்ததும் அந்த ஆறிய 4 லிட்டர் வந்த பிறகுதான் சூடு வரும். மூன்று குளியலறைக்கு மூன்று மூலையில் பைப் இழுத்தால் தினம் அரை வாளிக்கு மேல் இப்படிப் போகும். வீடு கட்டும்போதே குளியலறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தவர்கள் பாக்கியசாலிகள். பைப் சூடு தாங்கும் சி.பி.வி.சி.யாக இருக்கட்டும், வெள்ளை பி.வி.சி. இந்தச் சூட்டில் இளகித் தொய்ந்துவிடும். வெயிலில் போகும் பகுதிக்கும் காப்புக் குழல் போட வேண்டும்.

சோலார் தொட்டியின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாயை மட்டும் யாரும் மூடக் கூடாது. எங்கள் தெருவில் ஒருவர் அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று மூடி போட்டு அடைத்தார். அடுத்த முறை தொட்டி காலியானபோது உள்ளே காற்று புக வழியில்லாமல், மிதித்த டால்டா டின் மாதிரி தொட்டி நசுங்கிவிட்டது. புது டியூபில் முதல் முறை தண்ணீர் விடுவது விடியற்காலையில் மட்டும். வெறும் குழாய் வெயிலில் காய்ந்து கிடக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் பட்டென்று விரியும். லாரியில் வந்து இறங்கும்போது ஒவ்வொரு குழாயின் அடிமுனையையும் பாருங்கள். கண்ணாடிக்குள் வெள்ளி முலாம்போலப் பளபளத்தால் வெற்றிடம் இருக்கிறது. பால் நிறமாக வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, திருப்பி அனுப்பலாம்.

சரி, அக்கா வீடு. ஐந்து பேர். கீழே மூன்று பேருக்கு வாளி, மாடியில் பையன்கள் இரண்டு பேருக்கும் ஷவர். மொத்தம் 77 லிட்டர். 100 போட்டால் இழுத்துப் பிடித்துக் காணும், 200 அநாவசியம். தண்ணீர் போர்தான், ஆய்வகச் சீட்டில் கடினத்தன்மை 480. பிரஷர் பம்ப் கிடையாது. ஆக 150 லிட்டர் டியூப், கண்ணாடிப் பூச்சுத் தொட்டி, மாடிக் குளியலறையில் மட்டும் ஒரு கீசர் என்று எழுதி அனுப்பினேன்.

அவளுடைய மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மழைக்கு?” என்றாராம். பழைய வீட்டில் அவருடைய செம்பு பாய்லர் ஒன்று இருக்கிறது. நடுவில் புகைக்குழல், சுற்றித் தண்ணீர், அடியில் தேங்காய் மட்டை. அரை மணியில் ஐந்து பேருக்குக் கொதிக்கும். நேற்று போனபோது பார்த்தேன், சமையலறைக்குப் பின்னால் கொத்தனார் அதற்கு முழங்கால் உயரத்தில் ஒரு திண்டு கட்டிக்கொண்டிருந்தார்.